பவளத்துக்குப் பசிக்கும்

“தம்பி, லைட் நல்லா இருந்தாப் போதும். கோரலுக்குத் தனியா சாப்பாடெல்லாம் வேண்டாம். போட்டா தண்ணிதான் கெடும்.” கடல்நீர்த் தொட்டி வைக்கிறவர்களில் இந்த அறிவுரையைக் கேட்காதவர் இருக்க முடியாது. எனக்குச் சொன்னவர் இந்தத் துறையில் என்னைவிடப் பல ஆண்டுகள் மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சிங்கப்பூரில் அவருடைய வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில், டிவி இருக்க வேண்டிய சுவரோரம் தொட்டி இருக்கிறது. அக்ரோபோரா என்னும் கிளைப்பவளங்கள் நீர்மட்டம்வரை வளர்ந்து, முனைகள் நீலமும் ஊதாவுமாக நிற்கும். அப்படி ஒரு தொட்டியை வளர்த்தவர் சொல்லும்போது மறுத்துப் பேசத் தோன்றாது. ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குச் செரிக்கவே இல்லை. காரணம் சின்னதுதான். பவளத்துக்கு வாய் இருக்கிறது.

ஒரு வாய் மட்டுமல்ல, கையளவு அக்ரோபோராத் துண்டில் நூற்றுக்கணக்கான வாய்கள். பவளம் என்பது பாலிப்பு என்னும் சின்னஞ்சிறு உயிர்களின் கூட்டம். ஒவ்வொரு பாலிப்புக்கும் நடுவில் ஒரு வாய், உள்ளே வயிறு, வாயைச் சுற்றி உணரிழைகள், அந்த இழைகள் நெடுகக் கொட்டும் செல்கள். ஒரு கொட்டும் செல்லை ஒரு தடவைதான் பயன்படுத்த முடியும். சுட்டபின் அதன் இடத்தில் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டும், அதற்கும் புரதம் வேண்டும். வெளிச்சத்தை மட்டும் குடித்து வாழ்கிற உயிர் இவ்வளவு செலவு செய்து ஆயுதம் தாங்கி நிற்குமா? இரவில் விளக்கெல்லாம் அணைந்த பிறகு சிவப்பு டார்ச் அடித்துத் தொட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பகலில் சதை மெத்தைபோலக் கிடக்கும் டிராக்கிபிலியா என்ற பவளம், இரவில் வாயைச் சுற்றி இழைகளை விரித்துக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு எதற்காக என்பதுதான் என் கேள்வி.

அண்ணன் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. பவளத்தின் திசுவுக்குள் ஒற்றைச்செல் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து தயாரிப்பதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. 1960களின் இறுதியில் லென் மஸ்கடைன் கதிரியக்கக் கார்பனைக் கொண்டு இதைத் தடம்பிடித்துக் காட்டினார். அதற்கு முன்பு ஆய்வாளர்களின் மனப்போக்கு நேர்எதிராக இருந்தது. 1928-29இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் உள்ள லோ தீவுகளில் முகாமிட்ட பிரிட்டிஷ் குழுவின் தலைவர் மாரிஸ் யங், பவளங்களை வெளிச்சம் புகாத பெட்டியில் அடைத்து உணவு கொடுத்துப் பார்த்தார். பாசிகள் போய்விட்டன, பவளங்கள் பிழைத்திருந்தன. பவளம் அடிப்படையில் மாமிச உண்ணி என்பது அவர் முடிவு. மஸ்கடைன் வந்து தராசை மறுபக்கம் சாய்த்தார். அந்தச் சாய்வின் கடைசி வடிவம்தான் கடைகளில் நாம் கேட்கும் “லைட் போதும்”.

ஆனால் பாசி கொடுப்பது பெரும்பாலும் சர்க்கரையும் கொழுப்பும். மூச்சுவிடவும் சளி சுரக்கவும் அது உதவும். தசை கட்ட, முட்டை உண்டாக்க, கொட்டும் செல்களைப் புதுப்பிக்க நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும். அவை வெளிச்சத்தில் இல்லை. ஃபானி ஹுல்பிரெக்கும் கிறிஸ்டீன் ஃபெரியே-பாஜெஸும் 2009இல் எழுதிய தொகுப்புக் கட்டுரை, நல்ல நிலையில் உள்ள பவளங்கள் தங்கள் அன்றாட ஆற்றல் தேவையில் 15 முதல் 35 சதவீதத்தை இரையிலிருந்து பெறலாம் என்கிறது. ஆற்றல் கணக்கில் அது சிறுபங்கு. புரதக் கணக்கில் அப்படி அல்ல.

சுத்தம் என்னும் பிடிவாதம்

நம் பொழுதுபோக்கில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. பவளப்பாறை வளரும் வெப்பக்கடல் சத்தே இல்லாத கண்ணாடித் தண்ணீர். ஆகவே தொட்டித் தண்ணீரிலும் சத்து இருக்கக்கூடாது. இதற்காகக் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர், பாஸ்பேட் உறிஞ்சும் இரும்புத் துகள், பாக்டீரியாவைப் பெருக்க வோட்கா என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவோம். வாரம் ஒருமுறை டெஸ்ட் கிட்டை எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் பார்ப்போம். நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம் என்று வந்தால் படம் எடுத்துக் குழுவில் போடுவோம், வாழ்த்துகள் குவியும்.

அப்படிப் பூஜ்யத்தில் நிற்கும் தொட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் இருப்பதே தெரியாது. பவளங்களின் நிறம் மட்டும் பாலில் கரைத்ததுபோல் வெளிறியிருக்கும். டார்ச் என்று நாங்கள் சொல்லும் யூஃபிலியாப் பவளத்தின் இழைகள் குட்டையாகச் சுருங்கியிருக்கும். கொஞ்ச நாளில் மணல்மேல் பழுப்பு நிறத்தில் நூல்நூலாக, குமிழி கோத்த ஒரு சளிப்படலம் வரும். டைனோஃபிளாஜெல்லேட் என்று பெயர் சொன்னாலே தொட்டிக்காரர்களுக்கு வயிறு கலங்கும். நல்ல பாசிகளும் பாக்டீரியாக்களும் சத்தில்லாமல் மெலிந்த இடத்தில் அது வந்து குடியேறுகிறது. உடனே என்ன சொல்வோம்? “தண்ணி அழுக்காயிருச்சு, இன்னும் சுத்தம் பண்ணணும்.” பட்டினியால் வந்ததற்குப் பட்டினியையே மருந்தாகக் கொடுப்போம். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் யோர்க் வீடன்மன் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு இதில் கவனிக்க வேண்டிய ஒன்று. நைட்ரேட் இருந்து பாஸ்பேட் இல்லாமல் போனால் பவளம் வெப்பத்துக்கும் ஒளிக்கும் எளிதில் தன் பாசிகளை இழந்து வெளுத்துவிடும் என்று அது காட்டியது. பாஸ்பேட்டை எதிரியாகவே பார்த்துப் பழகிய நமக்கு அது கசப்பான செய்தி.

ஹந்துத் தீவின் கலங்கல் தண்ணீர்

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவை. படித்தது மனத்தில் இறங்கியது புலாவ் ஹந்துவில் முக்குளித்த அன்றுதான். சிங்கப்பூரின் தெற்கே இருக்கும் சிறு தீவு அது. எதிர்ப்பக்கம் புலாவ் புக்கோம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. புகைபோக்கிகளைப் பார்த்தபடியேதான் தண்ணீரில் இறங்க வேண்டும். உலகின் பரபரப்பான துறைமுகங்களில் ஒன்றின் நடுவே, பல பத்தாண்டு கடல் நிரப்புப் பணிகளால் வண்டல் ஏறிய தண்ணீர். இறங்கியதும் முன்னால் போகிறவரின் துடுப்பு மட்டும் பச்சையாக ஆடியது. அவர் இடுப்புக்கு மேல் எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுத் தொட்டி அந்த நிறத்துக்கு மாறினால் அன்றைக்கே பாதித் தண்ணீரை மாற்றியிருப்பேன்.

அந்தக் கலங்கலுக்குள்ளிருந்து பவளங்கள் ஒவ்வொன்றாக எதிரே வந்தன. பூவிதழ் விரித்ததுபோல் பெக்டினியா, அடுக்கடுக்காக மெருலினா, தட்டுத் தட்டாக டர்பினேரியா, மூளைமடிப்புகளோடு பிளாட்டிகைரா. பட்டப்பகலில் கோனியோபோரா தன் பாலிப்புகளை முழுக்க வெளியே நீட்டி நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுத் தொட்டிகளில் பல காலம் மெல்ல மெல்ல இறந்துபோய், “கோனியோபோரா மட்டும் வாங்காதே” என்று எல்லோரும் எச்சரித்த அதே கோனியோபோரா. ஒவ்வொரு பவளத்தின் மேலும் மெல்லிய வண்டல். சில இடங்களில் சளி அந்த வண்டலைத் திரட்டி மெதுவாக ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. நான் முகத்தை அருகே கொண்டுபோய் நெடுநேரம் அங்கேயே நின்றேன். என் டார்ச் ஒளியில் தண்ணீர் முழுக்கத் துகள்கள் ஓடின. சில துகள்கள் தாமாகவே துள்ளின. அவை உயிருள்ளவை. எனக்கு அழுக்காகத் தெரிந்தது அந்தப் பவளங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த சோறு.

சிங்கப்பூர்க் கடலில் 250க்கும் மேற்பட்ட கல்பவள இனங்கள் பதிவாகியிருக்கின்றன. வெளிச்சம் ஆழத்துக்குப் போகாததால் பெரும்பாலானவை முதல் சில மீட்டர்களுக்குள்ளேயே நெருக்கியடித்து வாழ்கின்றன. வெளிச்சம் மட்டுமே உணவாக இருந்திருந்தால் அந்த இடத்தில் இவ்வளவு பெரிய கூட்டங்கள் நிலைத்திருப்பது கடினம் என்று எனக்குத் தோன்றியது. கென் அந்தோனியும் கத்தரினா ஃபாப்ரீசியஸும் 2000இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகு தேடிப் படித்தேன். கலங்கல் கூடும்போது கோனியாஸ்ட்ரியா ரெட்டிஃபார்மிஸ் என்ற பவளம் ஒளி இழப்பைத் துகள் உணவால் ஈடுகட்டியது. பக்கத்தில் வைத்த போரைட்டிஸ் சிலிண்ட்ரிகாவால் அப்படிச் செய்ய முடியவில்லை. எல்லாப் பவளமும் ஒன்றுபோல் சாப்பிடுவதில்லை என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. “பவளத்துக்கு ஊட்டலாமா வேண்டாமா” என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை, எந்தப் பவளத்துக்கு என்று கேட்க வேண்டும்.

தெளிந்த நீல நீரில் இருக்கும் மாலத்தீவுப் பாறைகளை யாரும் எடுத்துக்காட்டலாம். அங்கேயும் தண்ணீரில் கரைந்திருக்கும் சத்துதான் குறைவு. மிதவை உயிரிகள் அலையோடு வந்துகொண்டே இருக்கின்றன. பொழுது சாய்ந்ததும் பாறை இடுக்குகளிலிருந்தே கோபிபாடு என்னும் நுண்ணிய ஓட்டுயிரிகளும் சிற்றிறால்களும் மேலெழும்பி வரும். உணவு ஓயாமல் வருகிறது, கழிவு ஓயாமல் போகிறது. ஒரு குறிப்பிட்ட நொடியில் ஒரு குவளைத் தண்ணீரை மொண்டு சோதித்தால் ஒன்றுமில்லை என்றுதான் வரும். கல்யாணப் பந்தி நடக்கிற கூடத்தில் ஆயிரம் பேர் சாப்பிட்ட பிறகும் தரை பளிச்சென்று இருக்கிறதென்றால், பந்திக்குப் பந்தி இலை எடுத்துத் துடைக்கிறார்கள் என்று பொருள். யாருக்குமே சாப்பாடு போடாததால் சுத்தமாக இருக்கும் கூடமும் உண்டு. டெஸ்ட் கிட்டில் இரண்டும் ஒரே பூஜ்யமாகத்தான் தெரியும்.

அன்றிலிருந்து என் தொட்டியில் ஒன்றை மாற்றினேன். பாஸ்பேட் உறிஞ்சியை எடுத்துவிட்டேன், ஸ்கிம்மரையும் தண்ணீர் மாற்றுவதையும் விடவில்லை. இலை எடுக்கிற வேலை அவற்றுடையது. நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு), பாஸ்பேட் 0.05ஐ ஒட்டி நின்றால் நிம்மதியாக இருக்கிறேன். பூஜ்யம் வந்தால் எனக்கு இப்போது கவலை வருகிறது.

ஊட்டும் வேளை

பெரிய பாலிப் பவளங்களுக்கு ஊட்டுவது கண்ணால் கண்டு செய்யக்கூடிய வேலை. உறைந்த மைசிஸ் இறால் கட்டியைத் தொட்டித் தண்ணீரிலேயே கரையவிட்டு, மெல்லிய வலையில் வடித்து, கட்டி கரைந்த நீரைக் கொட்டிவிடுவேன். தேவையில்லாத பாஸ்பேட் அதில்தான் அதிகம். ஆனால் ஒரு துளியை மட்டும் வைத்துக்கொள்வேன். வேவ்மேக்கரை, அதாவது தொட்டியில் நீரோட்டம் உண்டாக்கும் பம்பை, நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்பு அந்தத் துளியைத் தொட்டியில் விட்டால் வாசனை பரவும். சுருங்கிக் கிடந்த அக்கான் பவளங்கள் ஓரங்களில் இழை நீட்டத் தொடங்கும். சங்கு நத்தைகள் மணலைக் கிளறிக்கொண்டு மேலே வரும். அதன்பிறகுதான் நீண்ட பைப்பெட்டால் ஊட்ட வேண்டும். விரியாத பவளத்தின்மேல் உணவைக் கொட்டுவது வீண், அது அங்கேயே கிடந்து அழுகும்.

அளவு முக்கியம். டார்ச் யூஃபிலியாவின் தலை பெரிதாக இருக்கிறதே என்று இறால் துண்டுகளைப் பெரிதாக வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஆசையாகப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும், மறுநாள் காலை பாதி செரித்ததைக் கக்கியிருக்கும். சின்னச் சின்னதாக, அடிக்கடி கொடுப்பதே அதன் வயிற்றுக்கு ஏற்றது. கிளீனர் இறால் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பவளம் பிடித்த உணவை அந்த இறால் பவளத்தின் வாய்க்குள்ளேயே காலை விட்டு இழுத்துக்கொண்டு போகும், பவளத்தின் சதை கிழிந்தாலும் கவலைப்படாது. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பாதியை வெட்டிக் குடைபோலக் கவிழ்த்து, மூடித்துளை வழியாக ஊட்டிவிட்டு, பவளம் விழுங்கி முடிக்கும்வரை அப்படியே விட்டுவிடலாம். இறாலுக்கு முதலில் தனியாக ஒரு துண்டு கொடுத்துவிடுவதும் உதவும். கால்மணி நேரம் கழித்து வேவ்மேக்கரையும், இன்னும் சற்றுப் பொறுத்து ஸ்கிம்மரையும் ஓடவிடுவேன்.

சின்ன வாய்க்காரர்களான மான்டிபோரா, அக்ரோபோரா, ஸ்டைலோஃபோரா போன்றவற்றுக்கு மைசிஸ் ஆகாது. அவற்றுக்கு நான் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரின் முட்டை பொரிக்கிறேன். சிங்கப்பூர் வெக்கையில் அதற்கு ஹீட்டர்கூட வேண்டாம். உப்புநீர், காற்றுக்குழாய், ஒரு நாள் அவகாசம், அவ்வளவே தேவை. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஆரஞ்சு நிறக் குஞ்சுகளை ஓடு நீக்கி, வயிற்றில் மஞ்சள்கரு தீருவதற்குள் ஊட்டிவிட வேண்டும். மொனாக்கோ ஆய்வகத்தில் ஃபெரியே-பாஜெஸ் குழுவினர் ஸ்டைலோஃபோராவுக்கு மிதவை உயிரிகளை ஊட்டிப் பார்த்தபோது சதை மட்டுமல்லாமல் சுண்ணாம்புக் கூடும் வேகமாக வளர்ந்தது. டப்பாவில் விற்கும் தூள் உணவுகளும் வேலை செய்கின்றன. ஆனால் அந்த டப்பாவின்மேல் எழுதியிருக்கும் அளவில் பாதிக்கும் குறைவாகத் தொடங்குங்கள். எந்தத் தொட்டியில் எத்தனை வாய் இருக்கிறது என்பது அச்சடித்தவருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் கல்பவளங்கள் எல்லாமே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக் காளவாய்க்காகப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்துத் தீர்த்த பிறகு வந்த பாதுகாப்பு அது. யாராவது விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

அண்ணனின் தொட்டி

அப்படியானால் அண்ணனின் அக்ரோபோராக்கள் எப்படி அவ்வளவு செழிப்பாக இருந்தன? இந்தக் கேள்விதான் என்னை அதிக நாள் வாட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலேயே பகல் முழுக்க இருக்க வாய்த்தபோது விடை கிடைத்தது. காலையில் மீன்களுக்கு உறைந்த கலவை. பத்துமணி வாக்கில் தானியங்கிக் கருவி குருணை கொட்டியது. மதியம் டாங் மீன்களுக்கு நோரிப் பாசி. சாயங்காலம் மறுபடியும் உறைந்த கலவை. ஆந்தியாஸ் மீன்கள் ஒரு கூட்டமாகவே இருந்தன. அவை நாள் முழுக்கக் கொறித்தால்தான் உயிர் தாங்கும். அவை கடிக்கும்போது சிதறும் துணுக்குகளும் அவற்றின் எச்சமும் பெரிய பம்புகளின் ஓட்டத்தில் பவளங்களின்மேல் மழையாகப் பெய்துகொண்டே இருந்தன. “அண்ணே, நீங்கதான் எங்க எல்லாரையும்விட அதிகமா ஊட்டுறீங்க” என்றேன். “அது மீனுக்குப்பா” என்றார்.

மீனுக்குப் போடுவது பவளத்துக்கும் போய்ச் சேரும் என்பது கடலிலேயே அளந்து பார்த்த உண்மை. ஜூடி மேயர், எரிக் ஷுல்ட்ஸ், ஜீன் ஹெல்ஃப்மன் ஆகிய மூவரும் 1983இல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். கரீபியக் கடலில் கிரண்ட் மீன்கள் இரவெல்லாம் கடற்புல் வெளியில் மேய்ந்துவிட்டுப் பகலில் பவளத் தலைகளுக்கு மேல் கூட்டமாக வந்து ஓய்வெடுக்கும். அவை கழிக்கும் அம்மோனியமும் எச்சமும் கீழே விழ, மீன்கூட்டம் தங்கும் பவளங்கள் கூட்டம் தங்காதவற்றைவிட வேகமாக வளர்ந்தன. வீடன்மன் குழு 2023இல் நேச்சர் இதழில் இன்னொரு வழியையும் காட்டியது. தண்ணீரில் கரைந்த நைட்ரஜனையும் பாஸ்பரசையும் உறிஞ்சி நுண்பாசிகள் பெருகுகின்றன. பெருகியவற்றில் ஒரு பகுதியைப் பவளமே செரித்து விழுங்குகிறது. தோட்டமும் அதற்கே, அறுவடையும் அதற்கே. கடற்பறவைகளின் எச்சம் கரைந்து வரும், இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளின் ஓரத்தில் பவளங்கள் கூடுதலாக வளர்ந்ததையும் அவர்கள் சேர்த்துக் காட்டினார்கள். பைப்பெட்டால் வாயில் வைப்பது, மீன் வழியாகச் சிந்துவது, கரைந்த சத்தாகப் பாசிக்குப் போவது என மூன்று வாசல்கள். அண்ணன் முதல் வாசலை மூடி மற்ற இரண்டையும் அகலத் திறந்து வைத்திருக்கிறார். அவர் சொன்ன அறிவுரையை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டே இரண்டு கோமாளி மீன்களும் ராட்சத ஸ்கிம்மருமாகத் தொட்டி வைக்கிற புதியவர் மூன்றையும் அடைத்துவிடுகிறார். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

இது வீட்டுத் தொட்டியோடு முடிகிற விஷயமும் இல்லை. 2016இலும் 2024இலும் சிங்கப்பூர்க் கடல் சூடேறியபோது பவளங்கள் வெளுத்தன. வெளுத்த பவளம் செத்த பவளம் இல்லை, அடுப்பு அணைந்த வீடு. ஆண்ட்ரியா கிரோட்டோலி குழுவினர் 2006இல் ஹவாயில் கண்டது இது: மான்டிபோரா காப்பிடாட்டா என்ற பவளம் வெளுத்தபின் இரை பிடிப்பதைப் பல மடங்கு கூட்டி, அதைக்கொண்டே தன் அன்றாட ஆற்றல் தேவை முழுவதையும் சமாளித்து மீண்டது. அதே கடலில் இருந்த போரைட்டிஸ் அப்படிச் செய்யவில்லை. நீர் சூடாகிக்கொண்டே போகும் காலத்தில், சாப்பிடத் தெரிந்த பவளங்களே அதிகம் தப்பிக்கும் என்று அஞ்சுகிறேன். வீட்டில் வெளுத்த பவளத்தைப் பார்த்து “போச்சு” என்று தூக்கி எறியும் முன்பு, விளக்கைக் குறைத்து இரவில் ஆர்ட்டீமியா கொடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, கடைகளில் பார்த்து மனம் பொறுக்காத ஒன்று. சூரியப் பவளம் என்கிற ட்யூபாஸ்ட்ரியாவுக்கு உள்ளே பாசியே கிடையாது. ஊட்டினால்தான் உயிர். நம் ஊர்ப் படகுத்துறைத் தூண்களில் மஞ்சளாக அப்பிக் கிடக்கும் அதை, ஒவ்வொரு பாலிப்பாகத் தேடி ஊட்டப் பொறுமை உள்ளவர்கள் மட்டும் வாங்க வேண்டும். கார்னேஷன் என்று விற்கும் டென்ட்ரோநெஃப்தியாவை வாங்கவே வேண்டாம். அதற்கும் பாசி இல்லை, ஓயாமல் ஓடும் மிக நுண்ணிய உணவு வேண்டும், வீட்டுத் தொட்டிகளில் பெரும்பாலும் மெலிந்து கரைந்துபோகிறது. மற்ற பெரிய பாலிப் பவளங்களை வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் ஒரு துளி மைசிஸ் நீர் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார். சில நிமிடங்களில் இழை நீட்டாத பவளத்தை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் போய் மறுபடியும் கேளுங்கள்.